சொல் இல்லாத இசை

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் அலுவலகம், இன்னொன்றில் ஜிம்னாஸ்டிக்ஸ். மீட்டிங்கில் என்னை மியூட் செய்துகொண்டு ஒரு கண்ணால் போட்டியைப் பார்ப்பேன். பெண்களின் ஃப்ளோர் போட்டி ஓடிக்கொண்டிருந்த ஒரு மதியம் மனைவி காபியோடு வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "எல்லாத்துக்கும் வெறும் மியூசிக்தான் வருது. பாட்டுல வார்த்தையே வரமாட்டேங்குதே, ஏன்?"

எனக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன். விதியே அப்படித்தான். ஃப்ளோரில் பெண்கள் ஒன்றரை நிமிடத்துக்கு மிகாமல் இசையோடு ஆட வேண்டும். ஆண்களுக்கு இசை கிடையாது. அந்த இசையில் மனிதக் குரல் ஒரு வாத்தியம்போல் ஒலிக்கலாம், ஆனால் சொல் வரக்கூடாது. வந்தால் மதிப்பெண் போகும்.

ஒரு விளையாட்டு தன் பெண்களுக்கு இசையைக் கொடுத்து, அதிலிருந்து சொல்லை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறது. நடுவர்கள் மொழி தெரியாமல் குழம்பக்கூடாது என்பது போன்ற நியாயமான காரணம் இதற்கு இருக்கலாம். ஆனாலும் அந்த விதி மனதில் ஒட்டிக்கொண்டது. இந்த விளையாட்டிலிருந்து வெளியே வந்து யாராவது பாடியிருக்கிறார்களா என்று தேடினேன். அப்படித்தான் கேத்தி ரிக்பியிடம் போய்ச் சேர்ந்தேன்.

*

கேத்தி ரிக்பி 1952 டிசம்பர் 12 அன்று கலிஃபோர்னியாவில் பிறந்தார். குறைமாதக் குழந்தை. பிறந்தபோது நுரையீரல்கள் சுருங்கிப்போயிருந்தன. அம்மா போலியோவால் பாதிக்கப்பட்டவர், ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர். இந்தக் குடும்பத்துப் பெண்தான் டிராம்போலினில் குதிக்க ஆரம்பித்து, பட் மார்க்கெட் என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டு, 15 வயதில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்குப் போனாள்.

மெக்சிகோவில் ரிக்பி பதினாறாவது இடம். அந்தப் போட்டியின் ராணி செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லாவ்ஸ்கா. வயது 26. சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்து இரண்டு மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஃப்ளோரில் அவர் மெக்சிகோக்காரர்களின் நாட்டுப்புற நடன மெட்டுக்கு ஆடி, அரங்கம் முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பரிசளிப்பு மேடையில் சோவியத் தேசிய கீதம் ஒலித்தபோது தலையைக் கீழே சாய்த்து வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தலைத் திருப்பலுக்காகப் பல ஆண்டுகள் சொந்த நாட்டில் ஓரங்கட்டப்பட்டார்.

சாஸ்லாவ்ஸ்காவின் வயதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் கோலோச்சிய சோவியத் வீராங்கனை லரிசா லாட்டினினா 1958 உலகப் போட்டியில் கர்ப்பிணியாக இருந்தபடியே பதக்கங்களை அள்ளியவர். அதுவரை பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் உண்மையிலேயே பெண்கள் ஆடியது. 1968க்குப் பிறகு காட்சி வேகமாக மாறியது. 1972 மியூனிக்கில் உலகத்தை மயக்கிய ஓல்கா கோர்புட்டுக்கு வயது 17, பார்க்க இன்னும் சிறியவர். 1976 மான்ட்ரியலில் முழுப் பத்து வாங்கிய நாடியா கோமனேச்சிக்கு 14. உடல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு வேகமாகச் சுழலலாம். இது இயற்பியல், யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த இயற்பியலிலிருந்து ஒரு கொடூரமான நடைமுறை முடிவு பிறந்தது: வளராதே.

ரிக்பி இந்த மாற்றத்தின் வாசலில் நின்றவர். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவான உயரம், இரட்டைச் சடை, பெரிய சிரிப்பு. 1970இல் லியுப்லியானாவில் நடந்த உலகப் போட்டியில் பேலன்ஸ் பீமில் வெள்ளி வென்றார். தங்கம் கிழக்கு ஜெர்மனியின் எரிகா ட்சுஹோல்டுக்கு. உலக ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டியில் ஒரு அமெரிக்கப் பெண் வென்ற முதல் பதக்கம் அது.

பீம் என்பது ஐந்து மீட்டர் நீளமும் பத்து சென்டிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு கட்டை, ஆள் நெஞ்சு உயரத்தில். பத்து சென்டிமீட்டரை உங்கள் உள்ளங்கையை வைத்து அளந்து பார்க்கலாம். அதன் மேல் குட்டிக்கரணம் போட வேண்டும். ஃப்ளோரில் உள்ள இசைகூட இங்கே கிடையாது. பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்தால், ரிக்பி கட்டையின் முனையில் நின்று மூச்சை உள்ளே இழுப்பது தெரிகிறது. அதை வெளியே விடுவது தெரிவதில்லை. இறங்கி, கைகளை உயர்த்தி, சிரித்த பிறகுதான் விடுகிறார்.

*

1972இல் லைஃப் இதழின் அட்டையில் ரிக்பி வந்தார். மியூனிக்கில் அமெரிக்காவின் நம்பிக்கை அவர்தான் என்று எல்லாரும் எழுதினார்கள். அங்கே அவருக்குக் கிடைத்தது தனிநபர் பிரிவில் பத்தாவது இடம். அணி நான்காவது. பதக்கம் இல்லை. 19 வயதில் ஓய்வு பெற்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் அதன் பிறகான பத்து வருடங்கள் நன்றாகவே இருந்தன. அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமி மேசனுடன் திருமணம், இரண்டு மகன்கள், ஏபிசி தொலைக்காட்சியில் ஜிம்னாஸ்டிக்ஸ் வர்ணனையாளர் வேலை. மாதவிடாய் நாப்கின் விளம்பரத்தில் சொந்தப் பெயரோடு வந்து பேசிய முதல் பிரபலங்களில் அவரும் ஒருவர். அன்றைய தொலைக்காட்சியில் அதற்குத் துணிச்சல் வேண்டும். 1978இல் கம்பி மேல் நடக்கும் வாலெண்டா குடும்பத்தைப் பற்றிய தொலைக்காட்சிப் படத்தில் நடித்தார். பீமிலிருந்து இறங்கியவரை சினிமாக்காரர்கள் கம்பிக்கு அழைத்துப் போனார்கள். அவர் உடலை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லைபோல.

உள்ளே வேறு கதை நடந்துகொண்டிருந்தது. ரிக்பிக்கு புலிமியா இருந்தது. சாப்பிட்டதைத் தானே வெளியேற்றிவிடும் உணவுக் கோளாறு. ஜிம்னாஸ்டாக இருந்தபோது தொடங்கி ஏறத்தாழ 12 வருடங்கள் நீடித்தது. உடலின் உப்புச் சமநிலை குலைந்து, இதயம் தடுமாறி, இரண்டு முறை சாவின் விளிம்பு வரை போய் மருத்துவமனையில் கிடந்தார். இதையெல்லாம் பிறகு அவரே வெளிப்படையாகப் பேசினார். அவர் காலத்தில் இதைப் பேசிய விளையாட்டு வீராங்கனைகள் அநேகமாக இல்லை.

பேசியது ஏன் முக்கியம் என்றால், பேசாமல் போனவர்கள் இருக்கிறார்கள். பேசியும் தப்பாதவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க ஜிம்னாஸ்ட் கிறிஸ்டி ஹென்ரிக் 1989 உலகப் போட்டியில் அன்ஈவன் பார்ஸில் நான்காவது வந்தவர். உணவுக் கோளாறால் உடலுறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து 1994இல் இறந்தார். வயது 22.

தொண்டையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புலிமியா முதலில் இதயத்தையும் பல்லையும் தாக்கும் என்று படித்திருக்கிறோம். அந்த அமிலம் ஏறி வருகிற பாதை குரல்நாண்களின் வாசல் வழியாகத்தான் போகிறது. பாடுகிறவர்கள் எந்த இடத்தைக் குழந்தையைப் போல் பார்த்துக்கொள்வார்களோ, அந்த இடம். ரிக்பி தன் அடுத்த வாழ்க்கையை எழுப்பியது அந்த இடத்தில்தான்.

*

1974இல் ரிக்பிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பெரிய அரங்கங்களில் போடும் 'பீட்டர் பேன்' நாடகத்தில் பீட்டராக நடிக்க வேண்டும். இந்தப் பாத்திரத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால்தான் அவர் எதற்குள் நுழைந்தார் என்பது புரியும்.

ஜே. எம். பேரியின் நாடகம் 1904 டிசம்பர் 27 அன்று லண்டனில் அரங்கேறியது. வளர மறுக்கும் சிறுவன் பீட்டரின் கதை. அன்றே பீட்டராக நடித்தது நீனா பூசிகோ என்ற பெண். ஆங்கில பேன்டமைம் நாடகங்களில் கதாநாயகச் சிறுவனாகப் பெண் வேடமிடுவது பழைய வழக்கம். அடுத்த வருடம் நியூயார்க்கில் மாட் ஆடம்ஸ், 1950இல் ஜீன் ஆர்தர், 1954இல் மேரி மார்ட்டின் என்று அந்தச் சங்கிலி நீண்டது. மேரி மார்ட்டினின் 'பீட்டர் பேன்' முழு இசை நாடகம். 1955 மார்ச் 7 அன்று என்பிசியில் நேரலையாக ஒளிபரப்பானபோது ஆறரைக் கோடிப் பேர் பார்த்ததாகச் சொல்கிறார்கள். 1979இல் ஸாண்டி டங்கன் அதை பிராட்வேயில் மீண்டும் ஆடினார். ஆக, பீட்டர் பேன் என்றால் அமெரிக்க மேடையில் நல்ல குரல் உள்ள பெண் என்று அர்த்தம்.

ரிக்பியை அழைத்ததோ பறக்கும் உடலுக்காக. ஜிம்னாஸ்ட் காற்றில் கரணம் போட்டால் டிக்கெட் விற்கும். அவர் அதைச் செய்தார், கைத்தட்டலும் வாங்கினார். அதோடு விட்டிருந்தால் முன்னாள் விளையாட்டுப் பிரபலம் என்ற பெயரோடு காலம் ஓடியிருக்கும். அவர் விடவில்லை. நடிப்பும் பாட்டும் கற்றுக்கொள்ளப் போனார். சும்மா ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, வருடக்கணக்கில். 1981இல் 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' இசை நாடகத்தில் டோரத்தியாக மேடையேறினார். அந்த வேடத்தில் கரணத்துக்கு வேலையே இல்லை. ஒரு பெண் தனியாக நின்று பாட வேண்டும்.

ஏறக்குறைய அதே காலத்தில் முதல் திருமணம் முடிந்தது. நாடகத்துறையைச் சேர்ந்த டாம் மெக்காயை 1982இல் மணந்தார். நோய்க்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டார். இந்த வரிசையைப் பார்த்து 'இசை அவரைக் குணப்படுத்தியது' என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய்யாகிவிடும். புலிமியாவைக் குணப்படுத்துவது சிகிச்சை. இசை செய்தது வேறு. ஜிம்னாஸ்டிக்ஸ் அவர் உடலிடம் எதையெல்லாம் கேட்டதோ, அதற்கு நேர்மாறானதைப் பாட்டு கேட்டது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், முப்பத்துமூன்று வயதில் நானும் பாட்டு கற்றுக்கொள்ளப் போனேன். எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சர், அறுபது வயதிருக்கும். முதல் வாரம் சரளி வரிசை பாடியபோதே நிறுத்தினார். "தம்பி, மூச்ச இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கிற. யாருகிட்ட குடுக்காம ஒளிச்சு வெக்கிற? விடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நாள் முழுக்க ஸ்க்ரீன் முன்னால் உட்கார்ந்து தோளை இறுக்கி, வயிற்றை உள்ளிழுத்து வேலை பார்க்கிறவன் நான். பாட வேண்டுமென்றால் வயிற்றைத் தளர்த்த வேண்டும், விலா விரிய வேண்டும், நேற்று ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க வேண்டும். பட்டினி கிடந்தால் இரண்டாவது வரியிலேயே மூச்சு முட்டும்.

ஒரு மென்பொருள்காரனின் தோள் இறுக்கமே கலைய மாதங்கள் ஆயின. சின்ன வயதிலிருந்து வயிற்றை உள்ளிழுத்து, மூச்சை அடக்கி, வாயை மூடிச் சிரிக்கப் பழக்கப்பட்ட ஒருவர் தன் விலா எலும்புகளை விரியச் சொல்லிக் கேட்க எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

*

1990 டிசம்பர் 13. பிராட்வேயில் லண்ட்-ஃபான்டான் அரங்கில் கேத்தி ரிக்பியின் 'பீட்டர் பேன்' தொடங்கியது. முந்தின நாள் அவருக்கு 38 வயது முடிந்திருந்தது. நான்கு பிள்ளைகளின் தாய்.

இந்தப் பறத்தலின் பின்னால் இருக்கும் பொறியியல் அழகானது. இதை வடிவமைத்த மரபு பீட்டர் ஃபாய் என்ற ஆங்கிலேயருடையது. ஜீன் ஆர்தரின் 1950 நாடகத்துக்காக லண்டனிலிருந்து அமெரிக்கா போனவர், அங்கேயே தங்கிப் பறக்கவைப்பதையே தொழிலாக்கினார். அடிப்படை எளிது: நடிகர் ஒரு ஊசல். மேலே கம்பி, இடுப்பில் ஹார்னஸ். மேடையின் பக்கவாட்டில் கயிற்றைப் பிடித்து நிற்கும் ஆட்களில் ஒருவர் மேலே ஏற்றி இறக்குவார், ஒருவர் குறுக்கே நகர்த்துவார். நடிகர் தரையை உதைக்கும் கணமும் இவர்கள் இழுக்கும் கணமும் ஒன்றாக இருந்தால் பறவை. அரை நொடி பிசகினால் மூட்டை.

பிளஸ் டூவில் நாம் எல்லோரும் தனி ஊசல் சோதனை செய்திருக்கிறோம். நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, ஸ்டாப்வாட்சில் இருபது அலைவுகளை எண்ணுவோம். ஒன்பது மீட்டர் கம்பியில் ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ ஆறு நொடி. கம்பியை நீட்டினால் நேரம் கூடும், குறைத்தால் குறையும். குண்டின் எடையை மாற்றினால்? எதுவும் ஆகாது. அந்தச் சமன்பாட்டில் எடைக்கு இடமே இல்லை. கயிறு இழுப்பவரின் கைக்கு எடை தெரியும், ஊசலின் காலத்துக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சிறுமியாக இருந்தபோது ஒவ்வொரு கிராமும் கணக்குப் பார்க்கப்பட்ட ஒரு உடல், கடைசியில் வந்து சேர்ந்தது எடையைக் கேட்காத ஒரு சமன்பாட்டிடம்.

ஆனால் அந்த உடல் இப்போது பாடவும் வேண்டும். ஹார்னஸ் இடுப்பை இறுக்கிப் பிடித்திருக்கும். காற்றில் சுழலும்போது உடல் தானாக மூச்சை அடக்கப் பார்க்கும், அது ஜிம்னாஸ்டின் பழக்கம். பாட்டோ மூச்சை விடு என்கிறது. கீழே ஆர்கெஸ்ட்ரா தன் தாளத்தில் போகிறது, மேலே ஊசல் தன் தாளத்தில் ஆடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் சுருதி பிசகாமல், சொல் தெளிவாக, கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி வர வேண்டும். 2000இல் அவர் சொந்த ஊர்ப் பக்கத்து லா மிராடா அரங்கில் எடுத்த ஒளிப்பதிவில் இதைப் பார்க்கலாம். கரணம் போட்டு முடித்த மறுநொடி வாய் திறக்கிறது, சொல் வருகிறது. முகத்தில் பழைய இரட்டைச் சடைக்காரியின் பெரிய சிரிப்பு. இந்த முறை வாய் மூடிய சிரிப்பு இல்லை.

1991இல் இசை நாடகத்தின் சிறந்த நடிகைக்கான டோனி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். விருது 'மிஸ் சைகான்' நாடகத்தின் லியா சலோங்காவுக்குப் போனது. மியூனிக் மாதிரியே இங்கேயும் கையில் எதுவும் வரவில்லை என்று சொல்லலாம். ஆனால் மியூனிக்கோடு அவர் ஓய்வு பெற்றார். டோனிக்குப் பிறகு இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் பறந்தார். 1991, 1998, 1999 என்று பிராட்வேக்குத் திரும்பத் திரும்ப வந்தார். 2001இல் 'சூசிக்கல்' நாடகத்தில் தொப்பி போட்ட பூனையாகப் பாடினார். கணவரோடு சேர்ந்து நாடகத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கி, லா மிராடா அரங்கில் வருடா வருடம் நாடகங்கள் போட்டார். இனி பறக்க மாட்டேன் என்று பிரியாவிடைப் பயணமும் போனார். பிறகு மனம் மாறி 2011இல் மறுபடி கிளம்பினார். 2012 டிசம்பரில் அறுபது வயது முடிந்தபோதும் அந்தச் சுற்றுப்பயணம் ஓடிக்கொண்டிருந்தது.

*

எனக்கு முதலில் இது ஒரு முரண்பாடாகத் தெரிந்தது. வளராதே என்று சொன்ன ஒரு விளையாட்டிலிருந்து தப்பி வந்தவர், வளர மறுக்கும் சிறுவனின் வேடத்தையே ஏன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்? தப்பி ஓடியவர் அதே ஜெயிலில் ஏன் வார்டன் வேலைக்கு வர வேண்டும்?

நாடகத்தின் கடைசிக் காட்சியைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை. வருடங்கள் கழித்து பீட்டர் திரும்பி வருகிறான். வெண்டி வளர்ந்து, கல்யாணமாகி, ஒரு மகளுக்குத் தாயாகியிருக்கிறாள். பீட்டருக்கு அது புரியவில்லை. விளக்கைப் போடாதே என்கிறான், விளக்கு எரிந்ததும் அழுகிறான். இந்தக் காட்சியில் பெரியவர்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், குழந்தைகள் இல்லை. வளராமல் இருப்பது வரம் இல்லை, அது ஒரு தனிமை என்று நாடகம் சொல்லும் இடம் அதுதான். அந்த அழுகையை ஒரு சிறுவனால் நடிக்க முடியாது. வளரவிடாமல் வைத்திருந்தால் ஒரு உடலுக்கு என்ன ஆகும் என்று தெரிந்து, அதையும் தாண்டி வளர்ந்த ஒருவர் நடிக்க வேண்டும்.

பத்தொன்பது வயதில் அந்தச் சின்ன உடலைக் கழற்றிவைக்க அவருக்கு வழி இருக்கவில்லை. முப்பத்தெட்டில் அது வேடம். பச்சை உடையைக் கழற்றிவிட்டு, ஹார்னஸின் தழும்புக்கு மருந்து போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம்.

இதை எழுதி முடித்த ராத்திரி மனைவியிடம் லா மிராடா ஒளிப்பதிவைக் காட்டினேன். அவள் டோக்கியோவில் கேட்ட கேள்வியை மறந்தே போயிருந்தாள். பறக்கும் காட்சி முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. முடிந்ததும், "இவ்வளவு சுத்தியும் எப்படி மூச்சு வாங்காம பாடுறாங்க?" என்றாள்.

"வாங்கிட்டுதான் பாடுறாங்க" என்றேன்.